எடைத்தட்டில் ஏறும் முன்

நகைக் கடன் பிரிவில் ஓராண்டாவது பணியாற்றிய வங்கி அலுவலர் எவருக்கும் ஒரு வாக்கியம் தம்மையறியாமலே நாவில் படிந்துவிடும். "இது வெள்ளி அன்று, இதற்குக் கடன் தர இயலாது" என்பதே அது. அதில் பொய் எதுவும் இல்லை. விதிக்கு மாறானதும் எதுவும் இல்லை. ஆயினும் அது பாதி உண்மை மட்டுமே என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. மறுபாதியைச் சொல்லாமல் விட்டதால் ஒருவருக்கு நேர்ந்த இழப்பையும், சொன்னதால் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த தெளிவையும் வாடிக்கையாளர்களாகிய உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பணியில் சேர்ந்த தொடக்கக் காலத்தில் மத்திய இந்தியாவில் ஒரு சிறு நகரக் கிளையில் இருந்தேன். ஒரு நாள் முதியவர் ஒருவர் துணியில் சுற்றிய கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்தார். வெளியே கம்பி வேலைப்பாடுள்ள உலோகக் கூடை. உள்ளே அதற்கென்றே வார்த்ததுபோல் பொருந்தி அமர்ந்த கருநீலக் கண்ணாடிக் கிண்ணம். மனைவியின் மருத்துவச் செலவுக்காக அதை ஈடு வைக்க வந்திருந்தார். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அன்று மாலையே பழைய உலோகம் வாங்கும் ஒரு கடையில் அவர் அதை எடைக்குப் போட்டுவிட்டார் எனப் பின்னர் அறிந்தேன். கடைக்காரர் கண்ணாடியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கூடையை மட்டும் தராசில் இட்டாராம். கிடைத்த தொகை ஒரு வார மருந்துக்குக்கூடப் போதவில்லை.

அவர் என்னிடம் கேட்டது, "இதற்குக் கடன் கிடைக்குமா?" என்பது மட்டுமே. ஆனால் என் பதிலிலிருந்து அவர் எடுத்துச் சென்றது, "இதற்கு மதிப்பில்லை" என்ற தீர்ப்பை. வங்கியில் ஈடாக ஏற்கத் தகாதது என்பது வேறு; மதிப்பற்றது என்பது வேறு. இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லும் கடமை மேசைக்கு இப்புறம் இருந்த எனக்கே இருந்தது.

ஆண்டுகள் கழிந்து கொல்கத்தாவில் ஒரு கிளைக்கு மாற்றலாகிச் சென்றேன். அங்கே ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் வாடிக்கையாளராக இருந்தார். மூத்த பெண்மணிகளை 'மாஷிமா' என அழைப்பது வங்காளத்து வழக்கம். தாயின் சகோதரியைக் குறிக்கும் சொல் அது. அவரை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் அழைத்தோம். ஒரு நாள் அவர் ஒரு பழைய பெட்டியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்.

ஒரு சாண் நீளமுள்ள உலோகத் தட்டு. அதன்மேல் நான்கு சிறு கால்களில் நிற்கும் சட்டம். சட்டத்துக்குள் நீள்சதுரக் கண்ணாடித் தொட்டி. அதற்கு உலோக மூடி. மூடியின் நடுவே பிடியாக, வாலைச் சற்றே உயர்த்திய ஒரு மீன். வங்காளத்தில் மீன் மங்கலப் பொருள். திருமணச் சீர்வரிசையில் மீனை அலங்கரித்து அனுப்பும் மரபு அங்கு உண்டு. ஆகவே அது திருமணத்துக்கென்று செய்யப்பட்ட வெள்ளிப் பெட்டி என்பதே அக்குடும்பத்தின் நம்பிக்கை. மூன்று தலைமுறையாக அதில் வெற்றிலை வைத்து வந்தனர்.

அந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒரு மனத்தாங்கலும் இருந்தது. தாயார் மறைவதற்கு முன் அதை இளைய மகளான மாஷிமாவிடம் கொடுத்துவிட்டார். "ஒரு கிலோ வெள்ளியை அவள் மட்டும் எடுத்துக்கொண்டாள்" என்று அண்ணனும் அக்காவும் வருந்தினர். ஏழு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. அதை ஈடு வைத்துத் தொகையைப் பெற்று மூவருக்குமாகப் பங்கிட்டுவிடலாம் என்ற எண்ணத்துடனேயே அவர் வந்திருந்தார்.

மதிப்பீட்டாளர் உரைகல்லை எடுத்தார். நான் தடுத்தேன். மத்திய இந்தியாவின் நீலக் கிண்ணம் என் நினைவுக்கு வந்தது. "மாஷிமா, முதலில் இதைக் கவிழ்த்துப் பார்த்துவிடலாமா?" என்று கேட்டேன். கண்ணாடியை வெளியே எடுத்துத் தனியே வைத்தோம். தட்டின் அடிப்புறத்தில் நான்கு சிறு கட்டங்களுக்குள் ஆங்கில எழுத்துகள் இருந்தன: இ.பி.என்.எஸ். அதன் அருகே ஒரு சாய்சதுர முத்திரை. அதன் நடுவே ஆர்.டி. என்ற எழுத்துகள், உச்சியில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ரோமானிய இலக்கம் ஒன்று, வலப்புற மூலையில் எஸ் என்ற எழுத்து.

இந்த அடையாளங்கள் சொல்வது என்ன? நான் பின்னர் கற்றுக்கொண்டவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன். ஏனெனில் இந்தியாவெங்கும் பழைய வீடுகளில் இத்தகைய பொருள்கள் இன்னும் இருக்கின்றன.

இ.பி.என்.எஸ். என்பது 'எலக்ட்ரோ பிளேட்டட் நிக்கல் சில்வர்' என்பதன் சுருக்கம். நிக்கல் சில்வர் எனப்படும் உலோகத்தில் வெள்ளி அறவே இல்லை. செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவற்றின் கலவை அது. நம் வீடுகளில் 'ஜெர்மன் சில்வர்' என்று சொல்வது இதையே. அதன்மேல் மின்சாரத்தின் துணையால் வெள்ளி முலாம் பூசுவார்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரைச் சேர்ந்த எல்கிங்டன் நிறுவனத்தார் 1840இல் இதற்குக் காப்புரிமை பெற்றனர். அதன் பிறகு, வெள்ளி வாங்க இயலாத நடுத்தர வகுப்பினரின் உணவு மேசைகளிலும் வெள்ளியின் பளபளப்பு வந்து சேர்ந்தது. அதற்கு முன் இருந்தது ஷெஃபீல்டு முறை. செம்புத் தகட்டின்மீது வெள்ளித் தகட்டை வெப்பத்தால் ஒட்டி, இரண்டையும் ஒன்றாக அடித்து நீட்டுவார்கள். தேய்ந்த இடத்தில் செம்பின் சிவப்பு தெரிந்தால் ஷெஃபீல்டு முறையைச் சேர்ந்ததாக இருக்கலாம். மங்கிய மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் நிக்கல் சில்வராக இருக்கலாம்.

நான்கு கட்டங்களுக்குள் எழுத்துகளைப் பொறிப்பதில் ஒரு வணிகத் தந்திரமும் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் அது அசல் வெள்ளி முத்திரை போலவே தோன்றும். ஆங்கிலேய அசல் வெள்ளியில், அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு தூய்மையுள்ள ஸ்டெர்லிங் வெள்ளியில், நடந்து செல்லும் சிங்கத்தின் உருவம் இருக்கும். அதனுடன் சோதனை நடந்த ஊரின் அடையாளமும் இருக்கும். பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை. மாஷிமாவின் பெட்டியில் சிங்கமும் இல்லை, நங்கூரமும் இல்லை.

சாய்சதுர முத்திரை இன்னும் சுவையான செய்தியைச் சொல்கிறது. 1842 முதல் 1883 வரை பிரிட்டனில் ஒரு பொருளின் வடிவமைப்பைப் பதிவு செய்தவர்கள் இம்முத்திரையை இட்டனர். உச்சியில் உள்ள ரோமானிய இலக்கம் பொருளின் வகையைக் குறிக்கும்: ஒன்று என்றால் உலோகம், இரண்டு மரம், மூன்று கண்ணாடி, நான்கு மட்பாண்டம். 1868க்குப் பிந்தைய முத்திரைகளில் வலப்புற மூலை எழுத்து ஆண்டைக் குறிக்கும். எஸ் என்றால் 1875. ஆகவே இந்த வடிவமைப்பு 1875இல் பதிவானது. பெட்டி அதற்கு முற்பட்டதாக இருக்க இயலாது. 1884 முதல் சாய்சதுரம் மறைந்து, ஆர்.டி. என்பதற்குப் பின் ஒரு வரிசை எண் மட்டும் இடப்பட்டது.

சரி, அந்தப் பெட்டிதான் என்ன? மீனே விடை சொல்லியது. அது மத்தி மீன் பெட்டி. சாளை என்றும் நாம் அழைக்கும் மீன் வகை. பிரான்சின் நாந்த் நகரில் 1820களில் மத்தி மீனை எண்ணெயிலிட்டுத் தகர டப்பாக்களில் அடைக்கும் தொழில் தொடங்கியது. விக்டோரியா அரசியின் காலத்து இங்கிலாந்தில் அது விருந்து மேசைக்குரிய ஆடம்பர உணவு. தகர டப்பாவை அப்படியே மேசையில் வைப்பது நாகரிகமாகக் கருதப்படவில்லை. ஆகவே மீன்களை அடுக்கிவைக்க அதற்கென்றே பெட்டிகள் செய்தார்கள். உப்பும் புளிப்பும் வெள்ளி முலாமைக் கறுக்கச் செய்யும் என்பதால் உள்ளே கண்ணாடித் தொட்டி. எண்ணெய் சிந்தினால் தாங்கக் கீழே தட்டு. உள்ளே இருப்பது என்ன என்று சொல்ல மூடியில் மீன்.

இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரும் டப்பா உணவுகளை வரவழைத்து உண்டனர். சென்னையில் இராணுவ அதிகாரியாக இருந்த கென்னி ஹெர்பர்ட், 'வைவர்ன்' என்ற புனைபெயரில் 1878இல் வெளியிட்ட 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' என்ற சமையல் நூலில் அந்தப் பழக்கத்தைக் கடிந்துகொள்கிறார். பர்மிங்ஹாமின் ஆஸ்லர் கண்ணாடி நிறுவனம் கல்கத்தாவிலேயே கிளை வைத்திருந்தது. ஆகவே இத்தகைய பெட்டி ஒன்று கல்கத்தாவின் ஒரு துரையின் மேசைக்கு வந்து, அவர் ஊர் திரும்பியபோது அலுவலக ஊழியர் ஒருவரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததில் வியப்பில்லை. மாஷிமாவின் பாட்டனார் ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தராக இருந்தவர்.

பின்னர் எடை போட்டோம். மொத்தம் ஒரு கிலோ 80 கிராம். அதில் கண்ணாடி மட்டும் 610 கிராம். எஞ்சிய 470 கிராமும் நிக்கல் சில்வர்; மேற்பூச்சில் உள்ள வெள்ளி மிகச் சொற்பம். ஏழு ஆண்டுகளாக மூன்று உடன்பிறப்புகளைப் பிரித்துவைத்த ஒரு கிலோ வெள்ளி, எடைத்தட்டில் இல்லவே இல்லை.

மாஷிமா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாவுக்கும் இது தெரியாது" என்றார்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். ஒரு பழம்பொருளுக்கு மூன்று மதிப்புகள் உண்டு. முதலாவது, உலோக மதிப்பு. வங்கி பார்ப்பது இதை மட்டுமே; தங்கம் அல்லது வெள்ளியின் தூய எடைக்கே கணக்கு; கல், கண்ணாடி, செய்கூலி எதுவும் அதில் சேராது. இரண்டாவது, சேகரிப்பாளர் தரும் மதிப்பு. அது காலம், அரிய தன்மை, முழுமை, செய்தவரின் பெயர் ஆகியவற்றைப் பொறுத்தது. உலோக மதிப்பைவிட மிகக் கூடுதலாகவும் இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம். மூன்றாவது, குடும்ப மதிப்பு. அதை எந்தத் தராசும் நிறுக்காது. இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்வதே பெரும்பாலான இழப்புகளுக்கும் சில சண்டைகளுக்கும் காரணம். அந்த முதியவர் முதல் மதிப்பை இரண்டாவது என்று எண்ணி இழந்தார். மாஷிமாவின் உடன்பிறப்புகள் மூன்றாவதை முதலாவது என்று எண்ணிப் பிரிந்தனர்.

என் சக அலுவலர்கள் சிலர் இதை ஏற்பதில்லை. "நாம் பழம்பொருள் ஆய்வாளர்கள் அல்லர். கருத்துச் சொன்னால் பொறுப்பு நம்மேல் விழும். 'இயலாது' என்பதோடு நிறுத்திக்கொள்வதே முறை" என்பது அவர்களின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. வங்கி அலுவலர் பழம்பொருளுக்கு விலை சொல்லக் கூடாது, நானும் சொன்னதில்லை. ஆனால் விலை சொல்வது வேறு, எச்சரிப்பது வேறு. "வங்கி இதை ஈடாக ஏற்க இயலாது, ஆனால் இது என்ன பொருள் என்று விசாரிக்காமல் விற்றுவிடாதீர்கள்" என்று சொல்ல எந்தத் தேர்ச்சியும் தேவையில்லை, எந்த விதியும் தடுப்பதில்லை. அரை நிமிட வேலை அது.

மறுபுறம், தொலைக்காட்சியில் காணும் ஏல அதிசயங்களை நம்பிக் கனவு காண்பதையும் நான் ஆதரிக்கவில்லை. பழையது என்பதாலேயே ஒன்று விலையுயர்ந்தது ஆகிவிடாது. முலாம் பூசிய மேசைப் பொருள்கள் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டவை. மேலும் மொராதாபாத்தின் உலோகக் கலைஞர்களும் ஃபிரோசாபாத்தின் கண்ணாடித் தொழிலாளரும் பழைய பாணியிலான பொருள்களை இன்றும் திறம்படச் செய்கின்றனர். அது நேர்மையான தொழிலே. ஆனால் இடையில் ஒருவர் அதைப் பழையது என்று சொல்லி விற்றால் ஏமாறுவது நாம்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை சில உண்டு. கண்ணாடியையும் உலோகத்தையும் பிரித்து, தனித்தனியே எடையும் அளவும் குறியுங்கள். அடிப்புற முத்திரைகளைச் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுங்கள். கண்ணாடியில் அச்சு இணைப்பின் மெல்லிய கோடு தென்பட்டால் அது அச்சில் அழுத்திச் செய்ததாக இருக்கலாம். அடியில் வடு போன்ற சொரசொரப்போ, அதைத் தேய்த்த குழிவோ இருந்தால் ஊதுகுழலால் செய்ததாக இருக்கலாம். பல்லாண்டுப் பயன்பாட்டில் அடிப்பக்கத்தில் விழும் கீறல்கள் ஒழுங்கற்றுப் பல திசைகளில் இருக்கும். எல்லாம் ஒரே சீராக இருந்தால் ஐயம் கொள்ளலாம். கண்ணாடி சட்டத்தில் தளர்ந்து ஆடினால், உடைந்துபோன முதல் கண்ணாடிக்கு மாற்றாகப் பின்னர் வைத்ததாக இருக்கலாம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்காதீர்கள். பித்தளை அண்டாவுக்கு ஏற்ற அந்த முறை மெல்லிய வெள்ளி முலாமை அடியோடு அழித்துவிடும். பழங்கண்ணாடியில் கொதிநீர் ஊற்றாதீர்கள். காந்தத்தில் ஒட்டவில்லை என்பதால் வெள்ளி என்று முடிவு செய்யாதீர்கள். நிக்கல் சில்வரும் ஒட்டாது. மேற்கொண்டு அறிய விரும்பினால், ஐரோப்பியக் கண்ணாடிப் பொருள்களின் பெருந்தொகுப்பு உள்ள ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்குச் சென்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

சட்டத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள கலை, கைவினைப் பொருள்கள் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரலாம். தொல்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வது குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளுக்குப் பாட்டியின் நினைவாக ஒன்றைக் கொடுத்தனுப்பும் முன், தொல்லியல் துறையை அணுகிக் கேட்டுக்கொள்வது நல்லது. ஐயமுள்ள பொருள்களைப் பரிசோதித்து, தொல்பொருள் அன்று எனில் அதற்கான சான்றிதழ் தரும் ஏற்பாடு அத்துறையில் உண்டு.

பாதுகாப்புப் பெட்டகம் வைத்திருப்போருக்கும் ஒரு சொல். பெட்டகத்தில் நீங்கள் வைப்பது என்ன என்று வங்கிக்குத் தெரியாது. அதற்கு வங்கி காப்பீடு செய்வதும் இல்லை. தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை மட்டுமே. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி இது. ஆகவே உள்ளே இருப்பவற்றின் பட்டியலும் படங்களும் உங்களிடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே இரண்டு வரிகள் எழுதுங்கள்: இது என்ன, யாரிடமிருந்து வந்தது. அதைச் சொல்லத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே எழுதுங்கள். வணிகவியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எழுதாத சொத்து, கணக்கில் வராத சொத்து. காலம் செல்லச் செல்ல அது வதந்தியாக வளரும். வதந்தி வழக்காக மாறும்.

மாஷிமாவுக்கு அந்தப் பெட்டியின்மேல் கடன் தர இயலவில்லை. அதை அவர் கேட்கவும் இல்லை. எடைகளையும் முத்திரைகளின் விளக்கத்தையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். தந்தேன். விலை எதையும் நான் எழுதவில்லை. அவர் அதைப் படியெடுத்து அண்ணனுக்கும் அக்காவுக்கும் அஞ்சலில் அனுப்பினார்.

சில மாதங்கள் கழித்து, வைப்பு நிதிக்கு வாரிசு நியமனம் பதிய வந்தபோது விசாரித்தேன். அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாராம். பெட்டியைக் கையிலெடுத்துக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "மீன் வைக்கும் பெட்டியிலா இத்தனை காலம் வெற்றிலை போட்டோம்!" என்று சிரித்தாராம். அண்ணனிடமிருந்து அதுவரை பதில் வரவில்லை. பெட்டி மாஷிமாவின் கூடத்திலேயே இருக்கிறது. தாயார் மூடியில் வைத்த சிறு நசுங்கலுடன்.

உங்கள் வீட்டுப் பரணிலோ அலமாரியிலோ பெயர் தெரியாத பாத்திரம் ஒன்று இருக்கக்கூடும். இந்த வாரம் அதை எடுத்து, கண்ணாடியைப் பத்திரமாகத் தனியே வைத்துவிட்டு, கவிழ்த்துப் பாருங்கள். எடை பிறகு போட்டுக்கொள்ளலாம்.